ஆசிரியர் கையில் கருவி

எழுத்தாணியும் ஓலையும் அருகருகே கிடந்தாலும் எழுத்துத் தோன்றுவதில்லை. எழுதத் தெரிந்த கை ஒன்று அவ்விரண்டையும் கூட்டுதல் வேண்டும். கற்பிக்கும் தொழிலிலும் இவ்வுண்மையைக் காணலாம். மணல், ஓலை, கரும்பலகை, படம், வானொலி, தொலைக்காட்சி, கணினி எனக் காலந்தோறும் புதிய கருவிகள் பள்ளிக்கூடத்தின் வாயிலில் வந்து நின்றிருக்கின்றன. அவற்றுள் சில உள்ளே நுழைந்து வகுப்பறையின் உறுப்புகளாகவே ஆகிவிட்டன. வேறு சில, துணி போர்த்தப்பட்டு மூலையில் தூசி படிந்து கிடந்தன. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? கருவியின் தரம் மட்டும் அன்று. அதனைக் கையாளவேண்டிய ஆசிரியர்க்கு யாரேனும் துணை நின்றார்களா என்பதே பெருங்காரணமாகும். இதனை விளக்கும் நிகழ்ச்சிகள் நம் நாட்டு வரலாற்றில் உள்ளன.

சென்னை மணலும் ஒரு சிறுவனும்

ஏறத்தாழ 230 ஆண்டுகளுக்கு முன்னர், சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கென ஒரு விடுதிப் பள்ளி நடைபெற்றது. ஸ்காட்லாந்து நாட்டினரான ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1789ஆம் ஆண்டில் அப்பள்ளியின் மேற்பார்வைப் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் அவர் இந்நாட்டுப் பள்ளி ஒன்றைக் கண்டார். அங்கே சிறுவர்கள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிக் கொண்டிருந்தனர். எழுதியதைக் கையால் நிரவிவிட்டு மீண்டும் எழுதினர். காகிதச் செலவு இல்லை; மையில்லை; பிழை செய்துவிட்டோமே என்னும் அச்சமும் இல்லை. பெல்லின் உள்ளத்தில் இக்காட்சி ஆழப் பதிந்தது.

தம் பள்ளிக்குத் திரும்பிய அவர், கீழ்வகுப்பு ஆசிரியரிடம் மணலில் எழுதுவித்து எழுத்துகளைக் கற்பிக்குமாறு கூறினார். அம்முறையில் கற்பித்தல் இயலாது என்று ஆசிரியர் மறுத்துவிட்டார். பெல் சோர்ந்துவிடவில்லை. ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து அப்பணியை அவனிடம் ஒப்படைத்தார். சிறுவன் மணலைக் கொண்டு தன்னினும் இளையோர்க்கு எழுத்துகளைக் கற்பித்துவிட்டான்! மூத்த மாணவர் இளைய மாணவர்க்குக் கற்பிக்கும் முறையைப் பெல் பள்ளி முழுவதற்கும் விரிவாக்கினார். 1797ஆம் ஆண்டில் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வாயிலாக அம்முறை பரவி, 'சென்னை முறை' என்றே பெயர் பெற்றது.

இந்நிகழ்ச்சி மணலின் வெற்றியையும் சிறுவனின் அறிவையும் காட்டுகின்றது. ஆயினும் இதனுள் ஒரு குறையும் மறைந்துள்ளது. மறுத்த ஆசிரியர் மறுத்தவராகவே விடப்பட்டார். இம்முறை மேனாட்டில் பரவியபோது, கற்றதை ஒப்பிக்கும் பழக்கம் வளர்ந்த அளவுக்கு, பொருளுணர்ந்து கற்றல் வளரவில்லை என்னும் குறை எழுந்தது. எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்கச் சிறுவனால் இயலும். ஐயத்தைத் தீர்க்கவும் அறிவை விரிக்கவும் தேர்ந்த ஆசிரியர் வேண்டும். ஆதலின் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்து, ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் வழிக்கே திரும்பியது. ஆசிரியரை விலக்கிவிட்டுக் கருவி நெடுந்தூரம் செல்லாது என்பது இதனால் விளங்கும்.

வானிலிருந்து வந்த பாடம்

அதற்கு நேர்மாறான ஒரு முயற்சி 1975ஆம் ஆண்டில் இந்தியாவில் நடைபெற்றது. அதற்கு வித்திட்டவர் விண்வெளி ஆராய்ச்சியின் தந்தை எனப் போற்றப்படும் விக்ரம் சாராபாய். தொலைக்காட்சி நகரங்களில் தொடங்கி மெல்ல மெல்லச் சிற்றூரை அடையும்வரை காத்திருத்தல் வேண்டா. செயற்கைக்கோளின் துணையால் தொலைவிலுள்ள சிற்றூர்க்கே அதனை முதலில் கொண்டு செல்லலாம் என்பது அவர் கொள்கை. 1969ஆம் ஆண்டில் இந்தியாவுக்கும் அமெரிக்காவின் 'நாசா' நிறுவனத்துக்கும் இதற்கென ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. தம் கனவு நனவாவதைக் காணாமலே 1971ஆம் ஆண்டு டிசம்பரில் சாராபாய் மறைந்தார். எனினும் அவர் தொடங்கிய பணி நிற்கவில்லை.

1974ஆம் ஆண்டு மே மாதத்தில் 'ஏ.டி.எஸ்.-6' என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அது ஓராண்டுக் காலம் அமெரிக்காவுக்குப் பணி செய்தபின், இந்தியாவை நோக்கும் வண்ணம் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு மேலே நகர்த்தப்பட்டது. புவியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், புவி சுழலும் வேகத்திற்கு ஒப்பச் சுற்றியமையால், அது வானில் ஓரிடத்திலேயே நிற்பதுபோல் இருந்தது. அகமதாபாத்திலிருந்து அனுப்பப்பட்ட ஒளியும் ஒலியும் அங்குச் சென்று, திரும்பிச் சிற்றூர்களில் இறங்கின.

செயற்கைக்கோள் அனுப்பும் அலைகளைப் பிடிப்பதற்குப் பெரிய நிலையங்கள் தேவைப்பட்ட காலம் அது. ஆயின் ஏ.டி.எஸ்.-6 குடைபோல் விரியும் 9 மீட்டர் அகல அலைவாங்கியைத் தாங்கியிருந்தது. அதனால் அதன் அலைகள் வலிமையுடன் தரையை அடைந்தன. கோழிக்கூண்டுக்குப் பயன்படும் கம்பிவலையால் ஆன 3 மீட்டர் அகலத் தட்டு ஒன்றே சிற்றூரில் அவற்றைப் பிடிப்பதற்குப் போதுமானதாயிற்று. மேலும், ஒரே படத்துடன் இரண்டு மொழிகளின் ஒலியை அனுப்பவும் வழி இருந்தது. ஆதலால் ஒரு காட்சியை ஓர் ஊரார் தெலுங்கிலும் மற்றோர் ஊரார் கன்னடத்திலும் கேட்க முடிந்தது.

ஆந்திரம், கருநாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், இராசத்தான் என்னும் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்கள் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டன. 1975 ஆகஸ்டு முதல் நாள் தொடங்கி, 1976 சூலை 31ஆம் நாள் வரை, நாள்தோறும் நான்கு மணி நேரம் ஒளிபரப்பு நடைபெற்றது. அதில் காலை ஒன்றரை மணி நேரம் தொடக்கப்பள்ளி மாணவர்க்கு உரியது. நான்கு மொழிகளுக்கும் அது பங்கிடப்பட்டதால், ஒவ்வொரு மொழிக்கும் இருபத்திரண்டரை நிமிடங்கள் கிடைத்தன.

ஆசிரியர்க்கும் ஓர் ஆசிரியர்

இருபத்திரண்டரை நிமிடங்கள் கழிந்தபின் பெட்டி அணைந்துவிடும். எஞ்சிய நேரமெல்லாம் அவ்வூர் ஆசிரியரே பிள்ளைகளுக்குத் துணை. ஓரிரு ஆசிரியர்களே எல்லா வகுப்புகளையும் கவனிக்கும் பள்ளிகள் பல இருந்தன. அறிவியலை முறையாகப் பயிலும் வாய்ப்புக் கிட்டாத ஆசிரியர்களும் பலர். பெட்டியில் கண்ட காட்சியைப் பற்றி ஒரு மாணவன் "ஏன்?" என்று வினவினால், விடை கூறவேண்டியவர் அவரே. அவருக்கு யார் துணை?

இவ்வினாவைத் திட்டத்தை வகுத்தோர் மறக்கவில்லை. மாணவர்க்குப் பாடம் கொண்டுவந்த அதே செயற்கைக்கோளை ஆசிரியர்க்கும் பாடம் கொண்டுவரச் செய்தனர். 1975ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் ஒருமுறையும், 1976ஆம் ஆண்டுக் கோடையில் மற்றொரு முறையும், பன்னிரண்டு நாள் பயிற்சி நடத்தப்பட்டது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 24,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் அதில் கலந்துகொண்டனர். இத்தனை பேரையும் பயிற்சிக் கல்லூரிகளுக்கு வரவழைத்திருந்தால் ஆண்டுகள் பல கழிந்திருக்கும். இங்கோ, தொலைக்காட்சிப் பெட்டி இருந்த ஊரே பயிற்சிக்கூடமாயிற்று. சராசரியாகப் பத்து ஆசிரியர்கள் ஓரிடத்தில் அமர்ந்து கற்றனர்.

இப்பயிற்சியின் தனிச் சிறப்பு, அது தொலைக்காட்சியை மட்டும் நம்பாததே. காட்சி முடிந்ததும் வானொலி உரை உண்டு, கையேடு உண்டு, கலந்துரையாடல் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக, எளிய பொருள்களைக் கொண்டு தம் கையாலேயே சோதனை செய்து பார்த்தலும் உண்டு. ஒவ்வொரு குழுவையும் வழிநடத்த முன்னதாகவே பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருந்தார். சுற்றுப்புறத்திலுள்ள செடி, மண், நீர், காற்று ஆகியவற்றைக் கொண்டே அறிவியலைக் கற்பிக்கலாம் என்பதை ஆசிரியர்கள் செய்தே அறிந்தனர். தாம் மாணவராய் அமர்ந்து பெற்ற அனுபவத்தையே பின்னர்த் தம் மாணவர்க்கு அவர்களால் வழங்க முடியும் அன்றோ?

ஓராண்டு கழிந்ததும் செயற்கைக்கோள் அமெரிக்காவுக்காக மீண்டும் நகர்த்தப்பட்டது. ஊர்ப் பெட்டிகளில் அந்நிகழ்ச்சிகள் நின்றன. இத்திட்டத்தின் பயனை ஆராய்ந்தோர், மாணவரின் மொழித்திறனும் அறியும் ஆவலும் வளர்ந்திருந்தமையைக் கண்டனர்; ஆயின் பள்ளிப் பாடங்களில் அவர்தம் தேர்ச்சி அதே அளவில் உயர்ந்துவிடவில்லை. ஒரு பெட்டியால் ஓராண்டில் எல்லாம் மாறிவிடும் என்று எதிர்பார்த்தல் முறையன்று. ஆனால் செயற்கைக்கோள் சென்ற பின்னும் சிற்றூரிலேயே தங்கிய செல்வம் ஒன்று உண்டு. ஆசிரியர்கள் பெற்ற பயிற்சியே அது.

முன்னும் இடையும் பின்னும்

கருவியைப் பயன்படுத்தும் ஆசிரியர்க்குத் தேவையான துணை எத்தகையது? பொத்தானை அழுத்தக் கற்றுக்கொடுத்தல் மட்டும் போதாது. பாடத்தின் முன்னும், இடையிலும், பின்னும் செய்யத்தக்கவை யாவை என்பதைக் காட்டுதல் வேண்டும்.

விதை முளைத்தல் என்னும் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். விதை முளைப்பதைக் கண்ணெதிரே முழுதும் காண்பது அரிது. அது நாள்கணக்கில் நடைபெறுவது. ஆனால் மணிக்கு ஒன்றாகப் பத்து நாள்களுக்கு நிழற்படம் எடுத்தால் 240 படங்கள் கிடைக்கும். அவற்றை நொடிக்கு 24 வீதம் ஓடவிட்டால், பத்து நாள் வளர்ச்சி பத்தே நொடிகளில் கண்முன் நிகழ்ந்துவிடும்! மேல்தோல் வெடிப்பதும், வேர் கீழ்நோக்கி வளைவதும், தண்டு மண்ணைப் பிளந்து எழுவதும் நடனம்போல் தோன்றும். இஃது ஆசிரியரின் சொல்லாலோ கரும்பலகைப் படத்தாலோ காட்ட இயலாத காட்சி. கருவியின் சிறப்பு இத்தகைய இடங்களில்தான் வெளிப்படுகின்றது.

எனினும் அப்பத்து நொடிக் காட்சியை மட்டும் கண்ட மாணவன், செடி பத்து நொடிகளில் முளைக்கும் என்று எண்ணிவிடவும் கூடும். பயிற்சி பெற்ற ஆசிரியர் அதற்கு இடந்தரமாட்டார். படம் காட்டுவதற்கு நான்கு நாள்களுக்கு முன்பே, மொச்சை விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைக்குமாறு மாணவரிடம் கூறுவார். "வேர் முதலில் வருமா, தண்டு முதலில் வருமா?" என்று வினவி, அவர்கள் கூறும் விடைகளைப் பலகையில் எழுதி வைப்பார். இது முன்.

படம் ஓடும்போது, வேர் தலைகாட்டும் நொடியில் அதனை நிறுத்துவார். பலகையில் எழுதியவற்றுள் எது சரி என்று கேட்பார். மீண்டும் ஓடவிடுவார். இது இடை.

படம் முடிந்ததும் ஈரத்துணியை அவிழ்க்கச் சொல்வார். ஒவ்வொரு மாணவனும் தன் விதையைத் தொட்டுப் பார்ப்பான். வேரின் நீளத்தை அளப்பான். முளைக்காத விதை இருப்பின் அதற்குக் காரணம் யாதெனச் சிந்திப்பான். படத்தில் பத்து நொடிகளில் நிகழ்ந்தது உண்மையில் எத்தனை நாள் எடுத்தது என்பதை அவனே கணக்கிடுவான். இது பின். படம் கண்ணுக்கு விருந்தாயிற்று. ஈரத்துணியிலிருந்த விதையோ அறிவுக்கு உணவாயிற்று. இவ்விரண்டையும் இணைத்தவர் ஆசிரியர்.

அச்சம் அகலவேண்டும்

புதிய கருவியைக் கண்டு தயங்கும் ஆசிரியரைச் சோம்பலுடையவர் என இகழ்தல் தவறு. அவர் தயக்கத்திற்குத் தக்க காரணங்கள் உண்டு. மாணவர் முன்னிலையில் கருவி இயங்காது போயின் தமக்கு இழுக்கு நேருமே என்று அஞ்சுகிறார். விலையுயர்ந்த பொருள் பழுதுபட்டால் பொறுப்பு யாருடையது என்று கலங்குகிறார். கருவியைப் பொருத்துவதற்கே நேரம் போய்விட்டால் பாடங்களை எப்போது முடிப்பது என்று கவலுறுகிறார். இவ்வச்சங்களைச் சுற்றறிக்கைகள் போக்கமாட்டா. அருகில் நின்று உதவும் தோழரே போக்கவல்லவர்.

கேரளத்தில் 2001ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்னும் திட்டம் இவ்வழியைப் பின்பற்றியது. கணினி நிறுவனங்களிலிருந்து வல்லுநரை வரவழைத்துப் பாடம் நடத்துவதோடு அது நிற்கவில்லை. பள்ளி ஆசிரியர்களுள் ஆர்வமுடையோரைத் தேர்ந்தெடுத்து, அவர்களையே பிற ஆசிரியர்க்குப் பயிற்சி அளிப்போராக ஆக்கியது. ஒவ்வொரு பள்ளியிலும் இப்பணியை ஒருங்கிணைக்க ஓர் ஆசிரியர் பொறுப்பேற்றார். தம்மைப் போலவே வகுப்பெடுத்து, தம்மைப் போலவே விடைத்தாள் திருத்தும் ஒருவர் கற்பிக்கும்போது, "இது தெரியாதா?" என்னும் ஏளனத்திற்கு அங்கு இடமில்லை. எவரும் படியெடுக்கவும் தம் தேவைக்கேற்ப மாற்றவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருள்களை அத்திட்டம் தேர்ந்துகொண்டது. அதனால் அவற்றை மலையாளத்திற்கும் பாடத்திட்டத்திற்கும் ஏற்ப அமைத்துக்கொள்ள ஆசிரியர்க்கு இயன்றது.

2017ஆம் ஆண்டில் இத்திட்டம் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக வளர்ந்தது. அடுத்த ஆண்டில் 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் மன்றங்கள் பள்ளிகளில் தோன்றின. அவற்றில் சேர்ந்த மாணவர்கள் கணினித் திறன்களைக் கற்பதுடன், பள்ளியிலுள்ள கருவிகளைப் பேணுவதிலும் ஆசிரியர்க்கு உதவுகின்றனர். எழும்பூர்ச் சிறுவன் ஃபிரிஸ்கனை இங்கே நினைவுகூர்தல் தகும். அவன் ஆசிரியர் செய்ய மறுத்ததைச் செய்தான். அவரது இடத்தில் நின்றான். இம்மாணவரோ ஆசிரியரின் பக்கத்தில் நிற்கின்றனர். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரிது.

பெருந்தொற்றுக் காலத்துப் பாடம்

2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்றால் நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. அதுகாறும் கருவியை விரும்பினால் பயன்படுத்தலாம் என்றிருந்த நிலை மாறி, கருவியின்றிக் கற்பித்தலே இயலாது என்னும் நிலை உண்டாயிற்று. கேரளத்தில் அவ்வாண்டு சூன் முதல் நாளே தொலைக்காட்சி வழியாக வகுப்புகள் தொடங்கின. தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி அப்போது மாணவர்க்குக் கைகொடுத்தது. 2018ஆம் ஆண்டில் வெளிவந்த புதிய தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அச்சிடப்பட்ட விரைவுக் குறியீடுகளும், கைப்பேசி உள்ள வீட்டில் பாடத்தின் விளக்கத்தைத் திறந்துகாட்டின.

ஆயினும் கைப்பேசி இல்லாத வீடுகள் இருந்தன. ஒரே கைப்பேசியைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய உடன்பிறந்தோர் இருந்தனர். காட்சியைக் கண்டும் புரியாமல், ஐயம் கேட்பதற்கு ஆளின்றித் தவித்த பிள்ளைகளும் இருந்தனர். பள்ளிகள் மீண்டும் திறந்தபோது அவர்கள் நாடி ஓடியது தங்கள் ஆசிரியரைத்தான். முகத்தைக் கண்டதும் மாணவனுக்குப் புரிந்ததா, புரியவில்லையா என்று அறிந்து, சொன்னதை வேறு விதமாகச் சொல்லும் ஆற்றல் அவரிடம் இருந்தது. கருவி பாடத்தை வீட்டிற்குக் கொண்டுவரும். பிள்ளையின் தயக்கத்தைக் கண்டு அருகில் அமர்பவர் ஆசிரியரே என்பதை அவ்வாண்டுகள் உணர்த்தின.

இனி வரும் கருவிகள் இன்றுள்ளவற்றினும் வியப்பூட்டுவனவாக இருக்கலாம். கேட்ட வினாவுக்கு விடை எழுதித்தரும் கணினிகளும் இப்போது வந்துவிட்டன. அவை தரும் விடை சரியா, தவறா என்று சீர்தூக்கிப் பார்க்கக் கற்பிப்பவர் தேவைப்படுதலின், ஆசிரியரின் பணி குறையவில்லை, பெருகியே உள்ளது. ஆதலால் ஒரு பள்ளிக்குப் புதிய கருவி வாங்கும்போது, அதன் விலையைக் கணக்கிடுவதோடு, ஆசிரியர்க்குப் பயிற்சி தரும் நாள்களையும், பழுது நேர்ந்தால் உதவிக்கு வருவோரையும் சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும்.

மாணவர்க்கும் இதில் பங்கு உண்டு. வகுப்பில் படக்கருவி இயங்காது நிற்கும்போது நகைப்பது எளிது, எழுந்து சென்று, "ஐயா, இந்தக் கம்பியைச் சரியாகப் பொருத்திப் பார்க்கலாமா?" என்று பணிவுடன் கேட்பது சிறந்தது. அந்த ஒரு சொல்லால் ஆசிரியரின் தயக்கம் அகலும், கருவி இயங்கும், பாடமும் தொடரும்.